தேன்மொழியின் உயரம்

ஆந்திர எல்லையில், தடா பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, நட்ட நடு ரோட்டில், இடுப்பில் வயர் கூடையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். வந்த லாரிக்காரர்களெல்லாம் ஆரன் அடித்துப் பார்த்தார்கள், தெலுங்கில் ஏசிப் பார்த்தார்கள், கடைசியில் அவர்களே ஒதுங்கிப் போனார்கள். அவள் நகரவில்லை. அவள் மறிக்க வந்த வண்டி இன்னும் வரவில்லை.

கனகவல்லி என்று பெயர். சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் வீடு. சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். காலர் மட்டும்தான். கை வைப்பவள் வேறு, பித்தான் வைப்பவள் வேறு. உட்கார்ந்த இடத்தில் ஒழுங்காக உட்கார முடியாத சுபாவம் அவளுக்கு. கால் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும், கண் ஜன்னல் வழியாக ரயில் தண்டவாளத்துக்குப் போய்விடும். சூப்பர்வைசரம்மா வந்து தோளில் தட்டினால்தான் திரும்பும்.

இவளுக்கு வாய்த்த கேசவன் இவளுக்கு மேல் ஒரு படி. அவன் சேசிஸ் டிரைவர். லாரி என்று நாம் பார்க்கிறோமே, அது கம்பெனியை விட்டு வெளியே வரும்போது லாரியே இல்லை. என்ஜின், ஸ்டீயரிங், சக்கரங்கள், பின்னால் நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. ஒரு பலகையைக் கட்டி அதில் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றி, அதை மெட்ராஸிலிருந்து கோரக்பூருக்கோ கவுகாத்திக்கோ ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும். அங்கேதான் அதற்கு உடம்பு கட்டுவார்கள். திரும்பி வருவது ரயிலில். வந்தால் நாலு நாள் வீட்டில் இருப்பான், அப்புறம் அடுத்த வண்டி.

அந்த நாலு நாளை நினைத்தால் கனகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் நாள் தூங்குவான். இரண்டாம் நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். மூன்றாம் நாள் நடந்தே ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய், போகிற லாரிகளை வேடிக்கை பார்த்துவிட்டு வருவான். கேட்டால் பதில் வராது. ஊமைக்கு வாக்கப்பட்டிருந்தால்கூடக் கையையாவது ஆட்டியிருப்பான் என்று அவள் சொல்லாத நாளில்லை.

கல்யாணமான முதல் வருஷமே அவள் உண்டானாள். அஞ்சாம் மாசம் கலைந்துபோனது. கேசவன் அப்போது அசாமில் இருந்தான். வந்தான், விஷயத்தைக் கேட்டான், ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்கப்புறம் ஒன்றும் தங்கவில்லை. ஆஸ்பத்திரி, மாங்காடு, வேளாங்கண்ணி என்று அவள்தான் அலைந்தாள். அவனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

பிறகுதான் அந்த ஊறுகாய் பாட்டில் விவகாரம். ஒவ்வொரு டிரிப்புக்கும் கேசவன் அவள் போட்ட நார்த்தங்காய் ஊறுகாயை ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய எடுத்துப்போவான். திரும்பும்போது பாட்டில் காலியாக வரும். காலியாக வந்தால் பரவாயில்லை, பளபளவென்று கழுவி வரும். மூடியின் உள்பக்க வரியில்கூட ஒரு பொட்டு மசாலா இருக்காது. ஆம்பிளை கழுவிய பாட்டில் இப்படி இருக்குமா? ஒரு தடவை அதற்குள் காய்ந்த இலுப்பைப் பூ ஒரு கைப்பிடி இருந்தது. கனகவல்லி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை.

மீதியைத் தெருக்குழாயடியில் ஹில்டா சொன்னாள். ஹில்டாவின் புருஷன் அந்தோணிசாமியும் சேசிஸ் டிரைவர்தான், பெரும்பாலும் கேசவனோடு ஜோடியாகப் போகிறவன்.

"நான் சொன்னேன்னு சொல்லாதக்கா. எங்க வூட்டுக்காரு போதைல உளறுனாரு. வடக்க, நாகபுரிக்கு அந்தாண்ட, சியோனி காட்டாண்ட கேசவன் அண்ணனுக்கு ஒரு வூடு கீதாம். அங்க போனா ராஜா மரியாதையாம்."

கனகவல்லி குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கேசவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். எண்பத்தெட்டாம் வருஷம், கத்திரி முடிந்த வாரம்.

"சியோனில யாரு கீறாங்க?"

அவன் கை ஒரு நொடி நின்றது. "யாருமில்ல" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்கப் போய்விட்டான். யாருமில்லை என்று சொல்வதற்கு ஒரு நொடி எதற்கு?

லாரிக் கம்பெனியில் வண்டி எடுத்து, வடக்கே திரும்பினால் எந்த சேசிஸும் தடாவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இது அவளுக்குத் தெரியும். அதனால்தான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கூடையில் இரண்டு சேலையும் புளிச்சோறும் வைத்துக்கொண்டு அங்கே நின்றாள். அந்த வீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். இருக்கிறது என்றால் அங்கேயே தாலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். இதுதான் அவள் திட்டம்.

முன்னால் வந்த சேசிஸ் கிறீச்சென்று நின்றது. கேசவனின் முகம் துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது.

"ஏய், இன்னாமே இது? நடு ரோட்ல!"

"நானும் வரேன்."

"இது இன்னா பஸ்ஸா? ஆளு ஏத்துனா வேலைய வுட்டுத் தூக்கிருவான்."

"தூக்கட்டும். உன் வூட்ட நான் பாக்கணும்."

பின்னால் நிறுத்திய அந்தோணிசாமிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். உளறியது தான்தான் என்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஏத்திக்க மச்சான், டிராபிக் ஜாம் ஆவுது" என்றான். கேசவன் தன் தகரப் பெட்டியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துக் கயிறு போட்டுக் கட்டினான். கனகவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி அதன் மேல் உட்கார்ந்தாள். இப்படித்தான் அவள் வாழ்க்கையில் முதன்முதலாக நெல்லூரைப் பார்த்தாள்.

கூரையில்லாத வண்டியில் போவதென்றால் என்ன என்று போனவர்களுக்குத்தான் தெரியும். காற்று முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். வாயைத் திறந்தால் பூச்சி. காலடியில் என்ஜின் சூடு, தலைக்கு மேல் வெயில். விஜயவாடாவுக்குள்ளேயே அவள் உதடு வெடித்துவிட்டது. நடுப்பகலில் ஏதாவது புளியமரத்தடியில் வண்டியைப் போட்டுப் படுப்பார்கள், வெயில் சாய்ந்ததும் கிளம்புவார்கள். புது வண்டி என்பதால் வேகமாகவும் ஓட்டக் கூடாது. அவளுக்கோ ஒவ்வொரு மைல்கல்லும் எரிச்சல். நின்றால் போகவேண்டும் போலிருந்தது, போனால் அந்த வீடு வந்துவிடுமோ என்று நிற்கவேண்டும் போலிருந்தது.

இதைவிட எரிச்சல் கேசவனைப் பார்த்துத்தான். நெல்லூர் தாண்டியதுமே அவனுக்கு வாய் முளைத்துவிட்டது. பங்ச்சர் கடைக்காரனிடம் தெலுங்கில் கிண்டல், தாபாக்காரனிடம் ஹிந்தியில் அரட்டை. நிர்மல் மலைப்பாதையில் ஏறும்போது பாட்டுக்கூடப் பாடினான். ஆதிலாபாத் பக்கம் தேக்குக் காடு இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றது. "இன்னும் பத்து நாள் போவட்டும், ஒரு மழை பேஞ்சா போதும், பச்சைப்பசேல்னு ஆயிடும், பாரேன்" என்று குழந்தை மாதிரி கையை நீட்டிக் காட்டினான்.

"இந்த வாயெல்லாம் வூட்ல எங்கய்யா வச்சினு இருந்த?" என்றாள்.

அவன் சட்டென்று அடங்கிப்போனான். கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது.

நின்ற ஊரிலெல்லாம் கூட்டம் கூடியது. பொம்பிளை ஒருத்தி எலும்புக்கூட்டு லாரியில் உட்கார்ந்து வருகிறாள் என்றால் கூடாதா? ஹிங்கன்காட்டில் சந்தையையே விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் வந்து தண்ணீர் கொடுப்பார்கள், அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் எல்லா ஊரிலும் ஒரே கேள்வி. உள்ளங்கையைக் கவிழ்த்து, தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் காட்டி, "பச்சே?" என்பார்கள்.

"புள்ளைங்க கீதான்னு கேக்குறாங்க தங்கச்சி" என்று அந்தோணிசாமி முதல் தடவை விளக்கினான். அதற்கப்புறம் விளக்கம் தேவைப்படவில்லை. அவள் இல்லையென்று தலையாட்டுவாள். அவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். குழாயடியில் தமிழில் கேட்டதையே இங்கே ஹிந்தியில் கேட்கிறார்கள், வேறென்ன வித்தியாசம்? இரண்டாயிரம் மைல் போனாலும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது போலிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கேசவன் மட்டும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவான். தப்பிக்கிறான் பார், பாவி, என்று நினைத்துக்கொண்டாள்.

நாகபுரியைத் தாண்டியதும் ஊர்கள் அருகிக் காடு நெருக்க ஆரம்பித்தது. ரோட்டோரக் குரங்குகள்கூடப் பரிதாபமாகத் தண்ணீருக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மலை ஏறத் தொடங்கும் இடத்தில் வானம் கறுத்தது. ஒரு இடி இடித்தது. அவ்வளவுதான், அந்த வருஷத்து முதல் மழை அப்படியே அவர்கள் தலையில் கொட்டியது. ஒதுங்க ஒரு கூரை இல்லை, மூட ஒரு கதவில்லை. கேசவன் ஒற்றைக் கையால் முகத்தை வழித்துக்கொண்டே சிரித்தான். கனகவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வந்ததும் கோபமும் வந்தது. சண்டை போடப் போகிற இடத்துக்கு இப்படிச் சொட்டச் சொட்டவா போய் நிற்பது?

மேட்டில் ஒரு ஓட்டுக் கொட்டகை. முன்னால் நாலைந்து கயிற்றுக் கட்டில், ஒரு இலுப்பை மரம். அந்த மரத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை தானாகப் போய்த் தாலிச்சரட்டைப் பிடித்தது.

"மதராஸி பையா!" என்று கத்திக்கொண்டு ஒரு பெண் மழையில் இறங்கி ஓடி வந்தாள். ஐம்பது வயசிருக்கும். கணுக்காலில் கனத்த வெள்ளிக் காப்பு, கையெல்லாம் பச்சை குத்தல். உள்ளே அவள் புருஷன் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டே தலையசைத்தான். அவள் பெயர் சுக்வதி என்று பிற்பாடு தெரிந்தது. அவள் கேசவனின் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள், திட்டினாள், ஊறுகாய் பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்தாள். அப்புறம்தான் கனகவல்லியைப் பார்த்தாள். யாரென்று சொல்லாமலே புரிந்துகொண்டு, கன்னம் இரண்டையும் வழித்து நெட்டி முறித்தாள்.

கனகவல்லி விறைத்துக்கொண்டு நின்றாள். இவளா? இவளுக்காகவா தடாவில் போய் நின்றோம்?

சுக்வதி அவளை விட்டுவிட்டு வண்டிப் பக்கம் போனாள். நனைந்த சேசிஸைச் சுற்றி வந்தாள். பலகைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தாள். பிறகு ஏமாந்த முகத்தோடு திரும்பி வந்து கேட்டாள்.

"தேன்மோலி? ரவி?"

கனகவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. சுக்வதி பொறுமையாக, காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல, உள்ளங்கையைக் கவிழ்த்து இடுப்புக்குக் கொண்டுபோனாள். "தேன்மோலி." கொஞ்சம் இறக்கினாள். "ரவி." கேசவனைக் கை காட்டினாள், இவளைக் கை காட்டினாள். "துமாரே பச்சே."

அந்தோணிசாமி வாளியை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனான். கொட்டுகிற மழையில். கேசவன் டீ கிளாஸைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவன் முகத்தை அவள் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. திருடன் மாட்டிக்கொண்ட முகம் என்று சொல்லலாம். ஆனால் திருடனுக்கு உதடு அப்படி நடுங்காது.

அவளுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. வைப்பாட்டி இல்லை. வேறு குடும்பம் இல்லை. அவளுடைய குடும்பத்தையே இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறான் இந்த மனுஷன். உயிரோடு இருந்திருந்தால் அந்த முதல் பிள்ளைக்கு இப்போது எட்டு வயசு. எட்டு வயசுப் பெண் இடுப்பு உயரம் இருக்குமா? ஒப்பாரி வைத்து அழ வேண்டும் போலிருந்தது. அவன் கையிலிருந்த கிளாஸைத் தட்டிவிட்டு, எல்லாம் பொய், எங்களுக்கு எதுவும் இல்லை என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. சுக்வதி இன்னும் கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கனகவல்லி அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள். மெல்ல மேலே தூக்கி, தன் மார்புக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இவ்ளோ வளந்துட்டா" என்றாள்.

சுக்வதி வாயில் கை வைத்துச் சிரித்தாள். உள்ளே திரும்பிப் புருஷனிடம் உயரத்தைக் காட்டிக் கூவினாள். கேசவன் டீ கிளாஸைக் கட்டிலில் வைத்துவிட்டு மழைக்குள் நடந்து போனான்.

மழை விட்டதும் கிளம்பினார்கள். சுக்வதி ஊறுகாயை எடுத்து வைத்துக்கொண்டு பாட்டிலைக் கழுவிக் கொடுத்தாள். சாம்பல் போட்டு, விரலை விட்டு, மூடியின் வரி வரியாகத் தேய்த்துக் கழுவினாள். கூடவே ஒரு துணிப் பொட்டலம். அதில் சின்ன அளவில் பச்சைக் கண்ணாடி வளையல்களும், மரத்தில் செதுக்கிய ஒரு மாட்டு வண்டியும் இருந்தன.

காடு ஈர வாசனையடித்தது. லக்னாதௌன் தாண்டியபின் கேசவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, தானாகவே ஆரம்பித்தான்.

"மொதோ தபா வந்தப்போ அது கேட்டுச்சு, பச்சேன்னு. அந்தச் சமயம்தான் நம்மளுது போயிருந்துச்சு. இல்லன்னு சொல்ல வாய் வரல கனகு. பொண்ணுன்னுட்டேன். சொன்னப்புறம் ஒவ்வொரு தபாவும் கேக்குதே, வளக்காம இன்னா பண்றது?"

"ரவி?"

"அது ஒண்டியா கீதேன்னு..." அவன் கியரை மாற்றினான். "ஒரு தம்பி இருந்தா நல்லாருக்குமேன்னு."

அவள் எதிர்க்காற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இவன் எதை வளர்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்க நினைக்கக் கண்ணீர் நிற்கவில்லை. அந்தக் காற்றில் கண்ணீர் காதுப்பக்கம்தான் ஓடியது.

நர்மதைப் பாலம் வந்தபோது கேசவன் வண்டியை மெதுவாக்கினான். வலது கையில் ஸ்டீயரிங், இடது கையை அவள் பக்கம் நீட்டினான்.

"அத்தக் குடு."

"எத்த?"

"அந்தப் பொட்டலம். எப்பவும் இங்கதான் போட்டுருவேன். வூட்டுக்கு எப்டி எடுத்தாறது?"

அவள் பொட்டலத்தை இரண்டு கையாலும் மடியில் அழுத்திக்கொண்டாள். கீழே புதுத் தண்ணீர் கலங்கிப்போய் ஓடிக்கொண்டிருந்தது. "அப்போ இத்தினி வருசமா என் புள்ளைங்க ஜாமானையெல்லாம் ஆத்துல போட்டுகினு இருந்தியா?" என்று அவள் போட்ட கூச்சலில், பின்னால் வந்த அந்தோணிசாமி என்னவோ ஏதோ என்று ஆரன் அடித்தான். கேசவன் கையை இழுத்துக்கொண்டான். பாலம் முடிகிறவரை அவள் பிடியை விடவில்லை.

கோரக்பூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்பினார்கள். வளையலும் மாட்டு வண்டியும் சேலையூர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்தன. யாருக்கு என்று ஹில்டா கேட்டாள். "புள்ளைங்களுக்கு" என்றாள் கனகவல்லி.

ஒரு டிரிப் போய் வந்தால் அவளுக்கு அரிப்பு அடங்கும் என்று கேசவன் நினைத்தான். எங்கே அடங்கியது? முன்பு சும்மா ஜன்னலைப் பார்த்தவள், இப்போது வடக்கைப் பார்த்தாள். கத்திரி முடியும் வாரம் வந்தால் அவள் தைக்கிற காலரெல்லாம் கோணல். சேலையூரில் அவளுக்குப் பிள்ளை இல்லை. காட்டுக்குள் ஒரு இலுப்பை மரத்தடியில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு வயசு ஏறிக் காத்திருக்கின்றன. எந்தத் தாயால் மெஷினில் உட்கார முடியும்? வருஷத்துக்கு ஒருமுறை தடாவில் போய் நின்றாள். சுக்வதியின் கையைப் பிடித்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தாள். ரவிக்குப் பல் விழுந்தது, தேன்மொழி பெரியவளானாள், எல்லாம் அந்தக் கொட்டகையில்தான் நடந்தது. கேசவனும் வீட்டில் இருக்கும் நாட்களில், எப்போதாவது, "ரவி சரியா படிக்க மாட்டான்னு நெனைக்கிறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவான். அவள் சண்டைக்குப் போவாள்.

தொண்ணூற்று நாலில் கேசவனுக்கு முதுகு விட்டுப்போனது. சேசிஸை விட்டுவிட்டு, கேளம்பாக்கம் பக்கம் ஒரு காலேஜுக்கு பஸ் ஓட்டப் போனான். கூரை வைத்த வண்டி. மழை வந்தால் பழைய ஞாபகத்தில் நிறுத்திவிட்டுத் துண்டைத் தேடுவான், காலேஜ் பிள்ளைகள் சிரிப்பார்கள். அத்தோடு வடக்கு நின்றுபோயிற்று. அந்த வருஷம் கனகவல்லி தடாவுக்குப் போகவில்லை. போய் யார் வண்டியை மறிப்பது? வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

மறுவருஷம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தோணிசாமி வந்து நின்றான். அவன் இன்னும் சேசிஸ்தான். மறுநாள் கோரக்பூர் டிரிப்.

"எதுனா சொல்லணுமா தங்கச்சி?"

அவள் உள்ளே போய் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்தாள். மூடியை இன்னும் ஒரு தடவை இறுக்கித் திருகினாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாரம்தான் ரிசல்ட் வந்திருந்தது. தெரு முழுக்க மிட்டாய் கொடுத்திருந்தார்கள்.

"தேன்மொழி பத்தாவது பாஸ் பண்ணிட்டான்னு சொல்லுண்ணா. மறந்துராத. அது ஆசையாக் கேக்கும்."

அந்தோணிசாமி சிரிக்கவில்லை. பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பினான்.

"மார்க்கு எவ்ளோன்னு கேட்டா இன்னா சொல்றது?"

கனகவல்லிக்கு அது தோன்றவே இல்லை. உள்ளே பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கேசவன், திரும்பாமலே சொன்னான்.

"நானூத்தி பன்னெண்டு."